ஒரு தரம், ரெண்டு தரம்

"கோல் விழுந்தா மட்டும் கத்திக்கறேன் தம்பி. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது."

"கோலுக்குக் கைதட்டலாம் சார். வாயைத் திறக்கக் கூடாது" என்றார் அரங்கத்தின் மேலாளர்.

ஏலக்காரருக்குக் காது மடல் வரை சிவந்தது. காய்கறி மண்டியில் காலமெல்லாம் ஏலம் விட்ட தொண்டை அது. இதே இடத்தில் பழைய கால்பந்து மைதானம் இருந்தபோது, நம்ம பையன் ஒருவன் பந்தோடு பாய்ந்தால் மரப்பலகை மேல் ஏறி நின்று "ஒரு தரம்!" என்பார். கடைசித் தடுப்பாளனைத் தாண்டினால் "ரெண்டு தரம்!" பந்து வலைக்குள் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் தகரக் கூரை அதிர "மூணு தரம்!" என்று முடித்து வைக்கும். நடுவில் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அட உக்காருங்களேன், மானம் போகுது" என்பாள். எந்த ஆட்டத்திலும் தவறாது.

பலகை, கூரை எல்லாவற்றையும் இடித்து வாரிக்கொண்டு போய்விட்டு, நகைக்கடை மாதிரி கண்ணாடியும் வெளிச்சமுமாகப் புது அரங்கம் கட்டிவிட்டார்கள். இன்றுதான் முதல் ஆட்டம். ஏலக்காரர் "ஒரு தரம்" என்று வாயெடுத்ததுமே, பக்கத்து மெத்தை நாற்காலிக்காரர் கைபேசியில் புகார் தட்டிவிட்டார். காவலாளி வந்து கூட்டிப்போனான். கைப்பையை இடுக்கிக்கொண்டு மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

பழைய ரசிகர் என்று சலுகையில் தந்த அனுமதி அட்டை இப்போது மேலாளரின் மேசை மேல் கிடந்தது. இனிமேல் சத்தம் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அட்டை கைக்கு வரும். இல்லாவிட்டால் இந்த வாசலையே மறந்துவிட வேண்டியதுதான்.

மண்டிக்காரர் பேரத்தை உச்சத்தில்தான் தொடங்கியிருந்தார். தொண்டை என்னுடையது, ஆட்டம் முழுக்கக் கத்துவேன் என்றார். பிறகு பாதி ஆட்டத்துக்கு இறங்கினார். அப்புறம் கோலுக்கு. எதிரே இருந்தவரோ 'ஒரே விலை' பலகை மாட்டிய கடைக்காரர் போல இம்மியும் அசையவில்லை.

"பந்தாட்டத்துக்குக் கூப்பிட்டு வாயைப் பொத்துங்கறீங்க. இது என்ன மைதானமா, ஆஸ்பத்திரியா?"

"உற்சாகம் வேண்டாம்னு யார் சொன்னா? அது தரமா இருக்கணும் சார். எப்ப வரணும், எவ்வளவு வரணும்கறதை நாங்க பாத்துக்கறோம்."

"அப்ப தும்மல் வந்தாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான் தும்மணுமோ?"

மனைவி சமாதானத்துக்கு வந்தாள். வந்த வேகத்திலேயே காலை வாரினாள். "தொண்டை மேல இவருக்குக் கர்வம் தம்பி. பழைய மைதானத்துல கடைசி ஆட்டத்தன்னிக்கு யாரோ எங்க முன்னாடி வந்து மைக்கை நீட்டினாங்க. டி.வி.யில வரப்போறேன்னு மண்டி முழுக்கச் சொல்லிட்டாரு. வீட்ல எல்லாரும் வேலையைப் போட்டுட்டு டி.வி. முன்னாடி உக்காந்தோம். இவரு மீசைகூட வரல."

"நீ யாரு கட்சி?" என்று முறைத்தார் ஏலக்காரர்.

மேலாளரின் வாக்கி டாக்கி கரகரத்தது. கூட்டம் தூங்கி வழிகிறது, போட்டுவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"போடு" என்றார் மேலாளர். பிறகு அட்டையை விரல் நுனியால் ஏலக்காரர் பக்கம் நகர்த்தினார். "கடைசியாச் சொல்றேன். வேணும்னா மனசுக்குள்ள கத்திக்கங்க."

ஏலக்காரர் எழுந்தார். "அழுகின தக்காளியைக்கூட நான் வாய்விட்டுத்தான் வித்திருக்கேன் தம்பி. மனசுக்குள்ள ஏலம் விடறவன் திருடன். அட்டையை நீங்களே வச்சுக்கங்க."

வழக்கமாக அவர் எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுப்பவள், இன்று அவருக்கு முன்னால் கதவைத் திறந்தாள். "வாங்க, போலாம். மூச்சு விட்டாலும் புகார் குடுப்பானுங்க."

காவலாளி அவர்களை வெளி வாசல் வரை கொண்டுவந்து விட்டான். கதவை அவன் சாத்தப்போகும்போது உள்ளே ஒலிபெருக்கிகள் உறுமின. ஆயிரம் பேர் எழுந்து நின்றது போல இரைச்சல் கிளம்பியது.

"கேட்டீங்களா பெரியவரே, சத்தம்னா இப்படி இருக்கணும்" என்றான் காவலாளி.

"ஒரு தரம்!" என்றது ஒலிபெருக்கி. "ரெண்டு தரம்!"

அடுத்து, அத்தனை இரைச்சலையும் மீறித் தெளிவாக ஒரு பெண் குரல் கேட்டது: "அட உக்காருங்களேன், மானம் போகுது."