குடுவை திறக்கும் நேரம்

கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கிறது. நைரோபி மைதானத்து வெயிலில் செசாங் நான்காவதாக ஓடுகிறாள்; கென்ய அணியில் இடம் முதல் மூவருக்குத்தான். மேல்வரிசையில் அவள் அம்மா ஜெபிவோட், ஜெயித்து வருபவர்களுக்குக் கொடுக்கிற கரி கலந்த புளித்த பாலைச் சுரைக்குடுவையோடு குலுக்கத் தொடங்குகிறாள். பக்கத்தில் தேநீர் குடிக்கும் ஊர்க்காரன் கிமெலி சிரிக்கிறான். "நாலாவதா வர்றவளுக்கு எதுக்குக்கா பாலு?" "முன்னால போற மூணு பேரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாளுங்க. எம்பொண்ணு ஒரு தடவையாவது பாத்தாளா?" வளைவில் மூன்றாமவள் மறுபடி இடப்பக்கம் திரும்புகிறாள், அதற்குள் வலப்பக்கமாகச் செசாங் அவளைக் கடந்துவிடுகிறாள். அடுத்தவளையும். அரங்கமே எழுந்து கத்துகிறது. ஜெபிவோட் மட்டும் எழவில்லை. மடியிலிருக்கும் குடுவையின் மூடியை இழுக்கிறாள். கரியும் புளிப்பும் மணக்கின்றன. கிமெலி மிச்சத் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கோப்பையை நீட்டுகிறான். "கைய எடுடா. மொதல்ல அவ."