வேதக்காரங்க

அரசு வேலையில் இருப்பவர்கள் கிறிஸ்தவ விசுவாசச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தபோது, பியூலாவும் அவள் புருஷன் ஏனோஸும் அதற்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

"நாமதான் வேதக்காரங்களாச்சே, நமக்கு என்னட்டி பயம்?" என்றான் ஏனோஸ்.

அரசு ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கும் பியூலாவின் முறை இன்று வந்தது. சான்றிதழ் ஆபீஸின் ஜெப அறையில் பத்துக் கட்டளைகளையும் தடங்கலில்லாமல் சொன்னாள். சொந்த ஊரான நாசரேத்தில் எடுத்த ஞானஸ்நானச் சீட்டையும் காட்டினாள். அதிகாரி சிரித்த முகமாகவே கேட்டுக்கொண்டார். பிறகு தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் ஓடிய கேமரா பதிவில் பியூலா அறை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கே பழகியது?"

"சின்ன வயசிலேருந்தே சார். எங்க ஊர்க் கோயில்ல எல்லாரும் இப்படித்தான்."

தேவாலயத்தைக் 'கோயில்' என்றே சொல்லி வளர்ந்தவள். பதற்றத்தில் இங்கிலீஷிலும் அது 'டெம்பிள்' என்றே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. திருத்துவதற்குள் அதிகாரி தட்டச்சு செய்து முடித்திருந்தார்.

"உங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் வேறு யாருக்கு இருக்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

"யாருக்கும் இல்ல சார்."

அதிகாரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். அவளைத் தேடி வந்த ஏனோஸ், ஒரு கையால் மகளைப் பிடித்தபடி, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.