மகளுக்கு நேர்முடி

சோபாவில் என் மனைவி ஜெனிபா, பக்கத்தில் அவள் அண்ணன் ரெக்ஸ்லின், சாப்பாட்டு மேசையில் பேனாவுடன் நான். பிறக்கப்போகும் மகளுக்கு எப்படிப்பட்ட முடி வேண்டும் என்று கருத்தரிப்பு மையத்துக்கு இன்று கைப்பட எழுதித் தர வேண்டும்.

"நேர்முடின்னு எழுதுங்க மாப்ள. இவ தலையைப் பாத்தீங்கள்ல?" என்றார் ரெக்ஸ்லின்.

சலூன்களில் இப்போது இயந்திரக் கைகள்தான். சுருள்முடியை நனைத்து, இழுத்துப் பிடித்து, அளந்து வெட்டிவிடும். காய்ந்ததும் முடி காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும். இந்த முறை வெட்டிக்கொண்டு வந்த பிறகும் ஜெனிபா துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள்.

"எனக்கு உன் சுருள் பிடிக்குமே" என்றேன்.

"பிடிக்கும், சரி. இதை வெட்டத் தெரிஞ்ச ஒரு ஆளைக் காட்டுங்க, சுருள்னே எழுதலாம்" என்றாள் ஜெனிபா.

எனக்கு யாரையும் தெரியவில்லை. நேர்முடி என்று எழுதினேன்.

"ஏங்க, கன்னக்குழியையாவது என்னோடதா விடச் சொல்லுங்க."

அதையும் ஒரு வரி சேர்த்து, உறையை ஒட்டி, ரெக்ஸ்லினிடம் கொடுத்தனுப்பினேன்.