கட்டையில் விழுந்த முகம்

சித்தூரில் அச்சுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கும் கன்னையா, புதுக் கட்டையைப் பத்திரிகை ஆசிரியர் நாகபூஷணத்தின் மேஜையில் வைத்தார். புத்தலப்பட்டில் கொலையான பெண்ணின் பிணம். அதைப் பேனாவால் கொத்தும் காக்கைகள். பெரிய காக்கைக்கு நாகபூஷணத்தின் மூக்குக்கண்ணாடி.

நாகபூஷணம் சிரித்தார்.

"என்னையே கிண்டல் பண்றியா? பண்ணு, நல்லா விக்கும். எல்லைத் தகராறை உள்ள தள்ளிட்டு இதை மொதல் பக்கத்துல போடறேன்."

கன்னையா மரத்தூளை ஊதினார். நாகபூஷணம் கட்டையை உற்றுப் பார்த்தார்.

"மச்சத்தைக்கூட இடக்கன்னத்துல செதுக்கியிருக்க. அச்சுல அது வலக்கன்னத்துல விழும். பொணத்தைப் பாத்த நம்ம நிருபருக்கே எந்தக் கன்னம்னு தெரியல. உனக்கு எப்படித் தெரியும்?"

"தாயில்லாப் பொண்ணு சார். கண்ணாலம் ஆவற வரைக்கும் நான்தான் தலைவாரி உட்டேன். கண்ணாடியில மச்சம் இந்தப் பக்கம்தான் தெரியும்."