கடைசிக்குத் தள்ளிய பாடம்

திகன சனசமூக நிலையத்தில் பெரியவர்களுக்கான ஸ்மார்ட்போன் வகுப்பு. எந்தப் பாடத்தை முதலில் வைப்பது என்று இழுபறி.

"பொய்ச் செய்தியக் கண்டுபிடிக்கிறத மொதல்ல சொல்லிக் குடுப்போம் நானா," என்றாள் கூடப் படிப்பிக்கும் சில்மியா. முனவ்வர் அவளுக்கு அண்ணன் மாதிரி.

"அத வெச்சா ரெண்டாம் நாள் ஒருத்தரும் வரமாட்டாங்க. லைவ் போடுறத வெப்போம். மத்தது கடைசியில பாப்போம்," என்று முடித்துவிட்டார் முனவ்வர். தன் துணிக்கடையைச் சாத்திவிட்டு வந்து இலவசமாகப் படிப்பிக்கிறவரோடு யார் வாதாடுவது?

வகுப்பு நிறைந்தது. போனைத் தலைகீழாகப் பிடித்த எதிர்வீட்டுச் சிங்களவர் புஞ்சிபண்டாவுக்குக் கையைப் பிடித்தே பழக்கினார் முனவ்வர். போன் படுக்கையாக இருக்க வேண்டும், கை ஆடக் கூடாது, இடத்தின் பெயர்ப்பலகையை முதலில் காட்ட வேண்டும், பிறகு மெதுவாகத் திருப்ப வேண்டும்.

மார்ச் மாதம் முஸ்லிம்களைப் பற்றி ஒரு பொய் எல்லோருடைய போனுக்கும் வந்தது. கடைசிப் பாடம் இன்னும் நடக்கவில்லை.

அதை நம்பித் திரண்ட கும்பலுக்குப் பயந்து மச்சான் வீட்டில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த முனவ்வரின் போனில் ஒரு லைவ் வந்தது. போட்டவர் புஞ்சிபண்டா. படம் படுக்கையாக இருந்தது. கை துளியும் ஆடவில்லை. முதலில் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது: 'முனவ்வர் டெக்ஸ்டைல்ஸ்.'

பிறகு, சொல்லிக் கொடுத்தபடியே, மெதுவாகத் தீயின் பக்கம் திரும்பியது.