அவர் சொல்லாத பதில்

மொழிபெயர்ப்பாளர் மசாவ்கோ பொய் சொல்கிறார் என்பது டமண்டானிக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று.

அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்திருந்த ரஸல், மீசை சரியாக அரும்பாத பையன். நாட்டை விட்டு வெளியே வந்ததே இதுதான் முதல் தடவை. இருளில் கிடக்கும் உங்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவன் ஆங்கிலத்தில் முழங்கினான்.

பக்கத்தில் நின்ற மசாவ்கோ அதை ஊர்ச் சனங்கள் பேசும் சேவா மொழியில் சொன்னார். "மத்தியானம் நீங்க போட்ட சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சாம். உங்களையெல்லாம் பார்த்ததுல சந்தோஷமாம்."

சனங்கள் கைதட்டினார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, கல்யாணம்கூட ஆகாத பையனா நமக்குப் புத்தி சொல்ல வந்திருக்கான் என்று கேட்டார். உங்கள் குடும்பம் நலமா என்று பெரியவர் விசாரிப்பதாக மசாவ்கோ ரஸலிடம் சொன்னார். ரஸல் மகிழ்ந்துபோய் பெரியவருக்குக் கும்பிடு போட்டான்.

டமண்டானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முலான்ஜி மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊர்ப் பள்ளிக்கு அவள் ஆசிரியையாக மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்ச் சபைப் போதகரின் ஆங்கிலம் வணக்கத்தோடு நின்றுவிடும். இந்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார், எதுவரைக்கும் போவார் என்று பார்க்கிற ஆவலில், அடுத்தடுத்த நாள் கூட்டங்களிலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் ஃபத்சானி எழுந்து நின்றாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு மகளைப் பறிகொடுத்தவள். அதற்கப்புறம் அவள் சபையில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"என் பொண்ணுக்காக முழங்கால் தேய ஜெபம் பண்ணேன்," என்றாள். "அப்புறமும் ஏன் போயிட்டா? இந்தத் தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

இதை மட்டும் மசாவ்கோ ஒரு சொல் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

ரஸல் வேதப்புத்தகத்தைப் புரட்டினான். பிறகு நிமிர்ந்து, மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோலச் சொன்னான். "விசுவாசம் முழுசா இருந்திருந்தா குழந்தை பிழைச்சிருக்கும். உங்க மனசுல எங்கேயோ சந்தேகம் இருந்திருக்கு."

டமண்டானிக்குச் சுரீர் என்றது. மசாவ்கோ ரஸலையும் ஃபத்சானியையும் மாறி மாறிப் பார்த்தார். சபை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"அவருக்குப் பதில் தெரியலையாம்மா," என்றார் மசாவ்கோ. "உங்ககூட உட்கார்ந்து அழணும்போல இருக்காம்."

ஃபத்சானி மசாவ்கோவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து முன்னால் போய், ரஸலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெண்கள் பகுதியே விம்மியது. ரஸல் திகைத்துப்போய் நின்றான். பிறகு அவன் கண்ணும் நிறைந்துவிட்டது. அதற்குமேல் அன்றைக்கு அவன் பிரசங்கம் செய்யவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். இதையும் அப்படி விட டமண்டானிக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை, ஆலயத்துக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்த மசாவ்கோவைப் பிடித்துவிட்டாள்.

"நேத்து அவர் சொன்னது என்ன, நீங்க சொன்னது என்ன?"

அவர் மறைக்கவில்லை. தான் வெளியூர்க்காரன் என்றும், ஊழியக்காரர்களோடு ஊர் ஊராகப் போவதுதான் தன் பிழைப்பு என்றும், இப்படி ஒரு நாள் மாட்டிக்கொள்வோம் என்று தெரியும் என்றும் சொன்னார்.

"நீதான் உன் பிள்ளையைக் கொன்னேன்னு அந்தம்மா முகத்தைப் பார்த்து என் வாயால எப்படிச் சொல்றது டீச்சர்?"

"அவங்க கேட்டது உண்மையான கேள்வி. உண்மையான பதில் எதுன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இல்லையா?"

மசாவ்கோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய்ச் சொல்லுங்க. போதகர்கிட்டயும் சொல்லிடுங்க. இன்னியோட என்னை அனுப்பிடுவாங்க, போயிட்டுப் போகுது."

டமண்டானி நேராக ஃபத்சானியின் வீட்டுக்குப் போனாள். ஃபத்சானி பாயில் மக்காச்சோள மாவை உலர்த்திக்கொண்டிருந்தாள். டமண்டானி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நேத்து அந்த மசாவ்கோ சொன்னது ரஸல் சொன்ன பதில் இல்லை. ரஸல் சொன்னது வேற."

ஃபத்சானி மாவைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர். என் மனசுல சந்தேகம் இருந்துச்சாம், அதான் பொண்ணு போயிட்டாளாம்."

"உங்களுக்கு ஆங்கிலம் புரியுமா அக்கா?"

"நான் பிறந்து வளர்ந்தது வேற நாட்டுல, ஹராரே பட்டணத்துல. படிச்சதெல்லாம் ஆங்கிலத்துல. கட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தப்புறம் அதுக்கு இங்க வேலையில்லை, அவ்வளவுதான்."

"எல்லாம் புரிஞ்சும், உங்களை அப்படிச் சொன்னவர் கையைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே அக்கா?"

ஃபத்சானி கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"மசாவ்கோவுக்கு உதடெல்லாம் நடுங்கிச்சு, டீச்சர். நான் மரம் மாதிரி நின்னிருந்தா, அவர் சொன்னதை யார் நம்பியிருப்பாங்க? எனக்காகக் கடவுள் சன்னிதியில நின்னு பொய் சொன்ன மனுஷனை நானே காட்டிக் கொடுக்கலாமா?"