ஜிம்மியின் பழக்கங்கள்

நாய்க்குட்டி வந்த முதல் நாளே மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தது. செருப்பைக் கடிக்கவில்லை, ஹாலை ஈரமாக்கவில்லை. செத்துப்போன பழைய நாய் ஜிம்மியின் பழக்கங்களை அதற்குள் ஏற்றச் சொல்லியிருந்தாள் பிரமிளா. எதெது வேண்டும் என்று குட்டியை விற்ற கடைக்காரர் கேட்டபோது, "எல்லாமே போட்டுருங்க" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஆறு பத்துக்குக் குட்டி வாசற்கதவின் முன்னால் போய் உட்கார்ந்தது. அது அவள் கணவர் குழந்தைவேல் மில்லிலிருந்து வரும் நேரம். அவர் இறந்து ஒரு வருடமாகிறது. குட்டிக்கு வயது மூன்று மாதம்.

அவர் கையால் வைத்தால்தான் ஜிம்மி சாப்பிடும். அவர் போனபின் பட்டினி கிடந்தே செத்தது. பிரமிளாவுக்கு அது உறைத்தபோது குட்டி பாலைத் தொடாமல் இரண்டு நாளாகியிருந்தது.

கடைக்காரரை வரவழைத்தாள்.

"அவருக்காகக் காத்துட்டு இருக்கறதை மட்டும் எடுத்துருங்க."

"தனியாப் பிரிக்க முடியாதுங்க்கா. எடுத்தா மொத்தமும் போயிரும். அண்ணன் பேரைச் சொன்னாக்கூடத் திரும்பாது. நீங்கதான் மொதல்ல இருந்து பழக்கோணும்."

அந்த வீட்டில் குழந்தைவேலைத் தேட அவளைத் தவிர அது ஒன்றுதான் இருந்தது. குட்டியின் ஒட்டிய வயிற்றை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எடுத்துருங்க" என்றாள்.

மறுநாள் ஆறு பத்துக்கு அவள் மட்டும் கதவைப் பார்த்தாள். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாலைக் குடித்து முடித்த குட்டி, குழந்தைவேலின் செருப்பைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. அதட்ட வாயெடுத்தவள், இன்னொரு காலின் செருப்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.